பெரிய டேப்லெட் வருகிறது என்று வீடியோ போடும் நண்பர்களுக்கு

தமிழில் போன், டேப்லெட், லேப்டாப் பற்றி வீடியோ போடும் அண்ணன்மார், தம்பிமார், சகோதரிகள் எல்லோருக்கும் திருப்பூரிலிருந்து வணக்கமுங்க.

நான் இங்கே ஒரு பிரிண்டிங் யூனிட்டில் டி-ஷர்ட்டுக்குப் படம் வரைகிறவன். பனியன் கம்பெனிகள் வெட்டித் தரும் டி-ஷர்ட் முன்பாகத் துணியில் கரடியும் காரும் பூவும் எழுத்தும் ஏறுகின்றனவே, அவை எங்களைப் போன்றவர்கள் கையில்தான் உருவாகின்றன. முன்பெல்லாம் பேப்பரில் வரைந்து ஸ்கேன் எடுத்தோம். இப்போது டேப்லெட்டில் பேனா பிடித்து வரைகிறோம். 13 அங்குலத்தைவிடப் பெரிய ஐபேட் வரப்போகிறது என்று நீங்கள் பேசினால், அது எங்களுக்குத் தொழில் செய்தி. எந்த மாதம் சீட்டு எடுப்பது, எப்போது பழையதை விற்பது என்று அதை நம்பி முடிவெடுக்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

இந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. பெரிய திரை எங்களுக்கு உண்மையிலேயே வேண்டும். ஆனால் நீங்கள் பேசும் விதத்தில், அதை வைத்து வேலை செய்யப்போகிறவனுக்குத் தேவையான தகவல் ஒன்றுகூட இருப்பதில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் எங்களுக்கு ஏன் பெரிதாக வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். ஆர்டர் கொடுக்கும் பையர் ஆபீஸிலிருந்து டெக் பேக், அதாவது உடுப்பின் அளவு விவரத் தாள் வரும். படம் எத்தனை செ.மீ. அகலம், கழுத்துத் தையலுக்கு எவ்வளவு கீழே உட்கார வேண்டும் என்று அதில் போட்டிருப்பார்கள். நான் 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில் வரைகிறேன். ஐபேட் திரையில் ஓர் அங்குலத்துக்கு 264 புள்ளிகள். ஆகவே படத்தை 88 சதவீதத்துக்குச் சுருக்கி நிறுத்தினால், திரையில் தெரிவதும் துணியில் ஏறப்போவதும் அச்சாக ஒரே அளவு. அப்படி நிறுத்திவிட்டு, வெட்டி வைத்த முன்பாகத்தின் மேல் டேப்லெட்டையே படுக்க வைத்துப் பார்ப்போம். ஓனர் குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, நாய்க்குட்டி காது அக்குள் பக்கமா ஏறுதே, கொஞ்சம் உள்ள வாங்குங்க" என்பார். அங்கேயே பேனாவால் உள்ளே இழுத்துக் காட்டுவேன். "ஆங், இப்பச் சரிங்" என்று அவர் சொன்ன பிறகுதான் ஃபிலிமுக்குப் போகும்.

அந்த ஒரு பார்வையில் எவ்வளவு மிச்சமாகிறது என்பது தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஃபிலிம், அதை வைத்து மை இழுக்க ஒரு ஸ்கிரீன்; ஆறு கலர் படம் என்றால் ஆறு ஃபிலிம், ஆறு ஸ்கிரீன். அளவு சரியில்லை என்று ஸ்டிரைக் ஆஃப் (துணியில் எடுக்கும் சோதனைப் பிரிண்ட்) போட்ட பிறகு தெரிந்தால் ஆறையும் மறுபடி எடுக்க வேண்டும். சாம்பிள் போக வேண்டிய தேதி மட்டும் நமக்காகத் தள்ளிப் போகாது.

சிக்கல் என்னவென்றால், கைக்குழந்தை உடுப்புக்கு வேண்டுமானால் இப்போதிருக்கும் திரை போதும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளின் டி-ஷர்ட் படம் ஏ4 தாள் அளவுக்கு வந்துவிடும். பெரியவர்களுடையது ஏ3 வரைக்கும் போகும். 12.9 அங்குல ஐபேட் புரோவின் திரை ஏறக்குறைய 26.3 செ.மீ. நீளம், 19.7 செ.மீ. அகலம். ஏ4 தாள் 29.7-க்கு 21. அதாவது ஒரு ஏ4 படத்தைக்கூட முழு அளவில் ஒரே பார்வையில் காட்ட முடியாது. தலை தெரிந்தால் கால் தெரியாது. தள்ளித் தள்ளிக் காட்ட வேண்டும், அப்படிக் காட்டும்போது படம் உடுப்பில் எப்படி உட்காரும் என்பது பிடிபடாது. கடைசியில் பிரிண்ட் எடுத்து ஒட்டிப் பார்க்கிறோம்.

இங்கேதான் உங்களிடம் என் முதல் வேண்டுகோள். அங்குலத்தை மட்டும் சொல்லாதீர்கள். அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளக்கும் கணக்கு. அதை வைத்து அகலம் தெரியாது. சாம்சங் 2022-இல் 14.6 அங்குல டேப் எஸ்8 அல்ட்ராவைக் கொண்டுவந்தபோது, ஐபேட் புரோவைவிட எவ்வளவு பெரியது பாருங்கள் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். ஸ்கேல் எடுத்து வைத்துப் பாருங்கள். அதன் திரை 16-க்கு 10 என்ற விகிதம். நீளம் 31 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். அகலமோ 19.7 செ.மீ.க்குள்தான், அதாவது 12.9 அங்குல ஐபேட்டின் அகலமேதான். நீளவாக்கில் மட்டும் இழுத்திருக்கிறார்கள். படம் பார்க்கவும், இரண்டு செயலியைப் பக்கத்தில் பக்கத்தில் திறக்கவும் அது நல்லது. நெஞ்சுக்கு நடுவில் சதுரமாக உட்காரும் படம் வரைகிறவனுக்கு அந்த 14.6-ஆல் ஒரு மில்லிமீட்டர் அகலமும் கூடவில்லை. இதை எந்த வீடியோவிலும் நான் பார்க்கவில்லை.

அதே கணக்கைப் பேச்சில் அடிபடும் ஐபேட்களுக்கும் போட்டுப் பார்க்கலாம். இப்போதுள்ள 4-க்கு 3 விகிதத்தையே வைத்துக்கொண்டால், 14.1 அங்குலத் திரை 28.7-க்கு 21.5 செ.மீ. ஏறத்தாழ ஏ4. 16 அங்குலம் என்றால் 32.5-க்கு 24.4, ஏ4 முழுசாக அடங்கி ஓரத்தில் கருவிப்பட்டைக்கும் இடம் இருக்கும். 20 அங்குலத்தை ஒட்டிய மடிக்கும் டேப்லெட் என்று ஒரு பேச்சு ஓடுகிறதே, அது 40.6-க்கு 30.5. கிட்டத்தட்ட ஏ3. பெரியவர் டி-ஷர்ட்டின் முன்பக்கப் படத்தை உள்ளபடியே மேஜையில் விரித்துக் காட்டலாம். எங்கள் தொழிலுக்கு இந்த மூன்றும் மூன்று வேறு கருவிகள். "பெருசா வருது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் எது எங்களுக்கானது என்று எப்படித் தெரியும்?

அடுத்தது, எது வதந்தி, எது செய்தி என்பது. இதில் உங்களுக்கு ஒரு கடமை இருக்கிறது என்று உறுதியாக நினைக்கிறேன்.

2010 ஜனவரியில் முதல் ஐபேட் 9.7 அங்குலத்தில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், ஐபேட் செய்யும் ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், 7 அங்குல டேப்லெட்கள் மிகச் சிறியவை, நல்ல செயலிகளுக்குப் பத்து அங்குலமாவது வேண்டும் என்று பேசினார். 2012 அக்டோபரில் ஆப்பிளே 7.9 அங்குல மினியை அறிவித்தது. தலைவர் வாயால் சொன்னதே நிலையில்லை என்றால், பெயர் தெரியாத ஆட்கள் சொன்னதாக வரும் தகவலை எவ்வளவு கவனமாகக் கையாள வேண்டும்!

பெரிய ஐபேட் பற்றிய முதல் அலை 2013-இல் எழுந்தது. அந்த ஜூலையில், 13 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த திரையை ஆப்பிள் சோதித்துப் பார்ப்பதாக அமெரிக்க நாளிதழ் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. 2014 தொடக்கத்தில் சாம்சங் முந்திக்கொண்டு பேனாவோடு 12.2 அங்குல நோட் புரோவைக் கொண்டுவந்தது. அந்த ஆகஸ்டில், 12.9 அங்குல ஐபேட்டின் உற்பத்தி 2015 தொடக்கத்தில் ஆரம்பிக்கும் என்றது புளூம்பெர்க் செய்தி நிறுவனம். 2015 மார்ச்சில் திரை கிடைப்பதில் தாமதம், செப்டம்பர் ஆகும் என்று மாற்றி எழுதினார்கள். 2015 செப்டம்பர் 9 அன்று அறிவித்தார்கள். கடைக்கு நவம்பரில்தான் வந்தது. முதல் செய்தியிலிருந்து கணக்குப் போட்டால் இரண்டு வருடத்துக்கு மேல். இத்தனைக்கும் அது பலித்த வதந்தி.

இரண்டாவது அலை 2021-இல். இன்னும் பெரிய ஐபேட்களை ஆப்பிள் ஆராய்கிறது என்று அந்த ஜூனில் புளூம்பெர்க் எழுதியது. 2022-இல், 14.1 அங்குலம் 2023-இல் வரலாம் என்று திரைச் சந்தையைக் கவனிக்கும் ஆய்வாளர் ஒருவர் சொன்னார். அதே ஆண்டு அக்டோபரில் 16 அங்குலம் என்று இன்னொரு செய்தி. வந்தது என்ன? 2024 மே மாதம் 13 அங்குல ஐபேட் புரோ. 12.9-ஐ 13 ஆக்கினார்கள், 5.1 மி.மீ.க்கு மெலிதாக்கினார்கள். 2025 அக்டோபரில் எம்5 சில்லோடு வந்ததும் 11, 13 என்ற அதே அளவுகள்தான். இதை எழுதும்வரை அந்த 14-உம் வரவில்லை, 16-உம் வரவில்லை.

செய்தி எழுதியவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு கம்பெனி பத்து அளவில் செய்து பார்க்கும், ஒன்றை வெளியே விடும். திருப்பூரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாம்பிள் கேட்கிற பையரெல்லாம் ஆர்டர் கொடுப்பதில்லை. சாம்பிள் தைக்கச் சொன்னார்கள் என்பதற்காக யாரும் நூல் வாங்கிக் குவிக்க மாட்டார்கள். ஆனால் நீங்கள் "சோதிக்கிறார்கள்" என்ற ஆங்கிலச் செய்தியைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது அது "கன்ஃபார்ம், வருது" என்று ஆகிவிடுகிறது. முகப்புப் படத்தில் யாரோ கம்ப்யூட்டரில் வரைந்த டேப்லெட், பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி. பத்து நிமிட வீடியோவில் எட்டாவது நிமிடத்தில் "இது வதந்திதான், மாறலாம்" என்று ஒரு வரி. அந்த வரி வருவதற்குள் பலரும் வீடியோவை மூடியிருப்பார்கள்.

இதில் அடிபட்டது எங்கள் யூனிட்டில் படம் பழகும் ஒரு தம்பி. தாராபுரம் பக்கம் ஊர். கை நல்ல கை. யானையை வரையச் சொன்னால் மூன்றே கோட்டில் அதன் நடையைக் கொண்டுவந்துவிடுவான். சீட்டு எடுத்த பணம் கையில் வைத்திருந்தான். 13 அங்குலத்தில் ஒன்று வாங்கிக்கொள் என்றேன். "அண்ணா, பெருசு வருதாமுங்ணா. அது வந்துட்டா இது விலை எறங்கீருமாம். ரண்டு மாசம் பொறுத்துக்கறேனுங்" என்று போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். அவன் தேடிப் போகாமலே அடுத்தடுத்த மாதமும் அதே மாதிரி வீடியோக்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. இதற்கிடையில் ஊரில் தோட்டத்து போர் மோட்டார் காயில் கருகிவிட்டது. பணம் அதற்குப் போய்விட்டது. போகத்தானே வேண்டும், பயிர் நிற்கிறதே. அவன் இன்னும் மவுஸ் பிடித்து வளைவுக்கோடு இழுத்துக்கொண்டிருக்கிறான். ஒரே கோட்டைத் திரும்பத் திரும்ப அழித்துப் போடுகிறான். பேனா இருந்தால் ஒரே இழுப்பு. அந்த வீடியோ போட்டவருக்கு இப்படி ஒரு பையன் இருக்கிறான் என்பதே தெரியாது. தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆகவே, "காத்திருக்கலாமா?" என்று நீங்கள் தலைப்பு வைத்தால், யார் காத்திருக்கலாம் என்று பிரித்துச் சொல்லுங்கள். கையில் ஏற்கெனவே ஒன்று வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறவன் காத்திருக்கட்டும். கருவியே இல்லாமல் தொழில் பழகுகிறவனைக் காத்திருக்கச் சொல்லாதீர்கள். அவனுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் வருமான இழப்பு.

விலையிலும் இதே நிலைதான். டாலரைச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். 2024 மே மாதம் வந்த 13 அங்குல ஐபேட் புரோ அமெரிக்காவில் 1,299 டாலரில் தொடங்கியது. இங்கே 1,29,900 ரூபாய். ஆப்பிள் பென்சில் புரோ என்ற பேனா தனியாக 11,900. இரண்டும் சேர்ந்து 1,41,800 ரூபாய். பேனா இல்லாத ஐபேட் எங்களுக்கு எதற்கு? அதே மாதம் வந்த 13 அங்குல ஐபேட் ஏர் 79,900 ரூபாய்தான். திரையளவு ஏறக்குறைய அதேதான், அங்குலத்துக்கு 264 புள்ளி என்ற கணக்கும் அதேதான், அதே பேனா இதிலும் எழுதும். கறுப்பு இன்னும் ஆழமாகத் தெரிவதும் அசைவு இன்னும் வழுக்கலாக ஓடுவதும் டி-ஷர்ட் படத்துக்கு 50,000 ரூபாய் பெறாது என்பது என் முடிவு. பெரியது வந்தால் அது மேல்தட்டு விலையில்தான் வரும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. அப்போதும் "பேனாவோடு, வரியோடு, நம் ரூபாயில் இவ்வளவு ஆகலாம்" என்று ஒரு வரியை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு விஷயம், இதை யாருமே கேட்பதில்லை: ரேம். ஏ3 அளவில் 300 டிபிஐ படம் என்றால் 3,508-க்கு 4,961 புள்ளிகள். புரோகிரியேட் மாதிரி வரையும் செயலியில் படம் பெரிதாக ஆக, போடக்கூடிய லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரையும் அடுக்கு) எண்ணிக்கை குறையும். அந்த எண்ணிக்கையைத் தீர்மானிப்பது ரேம்தான். ஒவ்வொரு கலரையும் தனி லேயரில் வைத்தால்தான் பிறகு கலர் வாரியாகப் படத்தைப் பிரிக்கும் செபரேஷன் வேலை சுலபம். நிழல், மேற்பூச்சு, எழுத்து என்று லேயர் ஏறிக்கொண்டே போகும். 2024-இல் எம்4 சில்லோடு வந்த ஐபேட் புரோவில் 256, 512 ஜி.பி. சேமிப்பு வகைகளுக்கு 8 ஜி.பி. ரேம்தான் கொடுத்தார்கள், 16 ஜி.பி. வேண்டுமானால் 1 டி.பி. சேமிப்பு உள்ளதை வாங்க வேண்டியிருந்தது. திரையைப் பெரிதாக்கிவிட்டு ரேமை அப்படியே விட்டால், பெரிய மேஜையைக் கொடுத்துவிட்டுப் பாதியைப் பூட்டி வைத்த கதை. பெரிய டேப்லெட் பற்றிய அடுத்த வதந்தியைப் பேசும்போது தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

எங்கள் தொழில் மட்டும் இல்லைங்க. சென்னிமலையில் பெட்ஷீட்டுக்கு ஜக்கார்டு (கொக்கிகளால் இழைகளைத் தூக்கித் தறியிலேயே பூ நெய்யும் கருவி) டிசைன் போடும் ஓர் அண்ணனிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவருக்கு ஒரு கட்டம் என்பது ஓர் இழை. 240 கொக்கி ஜக்கார்டு என்றால் அகலத்தில் 240 கட்டம். 26.3 செ.மீ. திரையில் அத்தனையும் தெரிய வைத்தால் ஒரு கட்டத்துக்கு 1.1 மி.மீ. கிடைக்கும். பேனா முனையால் அதைத் தொட்டுவிடலாம். 400 கொக்கி என்றால் ஒரு கட்டம் 0.66 மி.மீ. அதில் பேனா வைத்தால் பக்கத்துக் கட்டமும் சேர்ந்து நிரம்பும். பெரிதாக்கி வேலை செய்தால் பூவின் மறுபாதி கண்ணுக்குத் தெரியாது, இரண்டு பாதியும் சேரும் இடத்தில் கோணல் விழும். 16 அங்குலத்திலும் அது 0.8 மி.மீ.க்குத்தான் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "அதுவே போதுமுங்க, கண்ணு கொஞ்சம் பொழைக்கும்" என்றார். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பியே பார்வை மங்கிப்போனவர். கரூரில் மேஜை விரிப்புக்கும், பவானியில் ஜமக்காளக் கரைக்கும் டிசைன் போடுகிறவர்களையும் ஒரு முறை கேமரா முன்னால் உட்கார வைத்துக் கேளுங்கள். பெரிய திரை யாருக்கு என்ற கேள்விக்கு ஆப்பிள் இருக்கும் கலிஃபோர்னியாவிலிருந்து பதில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பெரியதாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று இருக்கிறது. சாம்சங் 2015-இல் கேலக்ஸி வியூ என்று 18.4 அங்குலத்தில் ஒன்று விட்டது. எடை 2.65 கிலோ. படம் பார்க்கச் செய்தது, வரையும் பேனா கிடையாது. அளவில் எங்கள் கனவுக்குப் பக்கத்தில் வந்த அந்த டேப்லெட் எங்கள் வேலைக்கு உதவவே இல்லை. மடிக்கும் டேப்லெட் பற்றிப் பேசும்போதும், மடிப்பின் மேல் பேனா ஓடினால் கோடு தடுக்குமா, அழுத்தி எழுதினால் தாங்குமா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். எங்கள் யூனிட்டில் பனியன் பஞ்சு காற்றில் பறந்துகொண்டே இருக்கும். கீல் இடுக்கில் அது போய் அடைத்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். டூவீலரில் யூனிட்டுக்கும் பையர் ஆபீஸுக்கும் பையில் போட்டுக்கொண்டு ஓடுகிறோம். கண்ணாடி பெரிதாக ஆக அடிபடும் இடமும் பெரிது. உடைந்தால் திருப்பூரிலேயே மாற்ற முடியுமா, கோவைக்குக் கொண்டு போக வேண்டுமா, எத்தனை நாள் கருவி இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

கலர் பற்றி ஒன்றே ஒன்று. "இதுல தெரியற கலர்தான் பிரிண்டுல வரும்" என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். திரை ஒளியால் காட்டுகிறது, மை துணியில் ஊறி உட்காருகிறது. நியான் பச்சையைத் திரையில் பார்த்துச் சரி சொல்லிவிட்டு லாட்டையே ரிஜெக்ட் வாங்கலாம். எத்தனை அங்குலம் வந்தாலும் எண் போட்ட கலர் மாதிரிகள் உள்ள பேண்டோன் புத்தகம் மேஜையில் இருக்கத்தான் வேண்டும்.

நீங்கள் பேசினால் லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள், கம்பெனிகளும் உங்களை அழைத்து முன்வரிசையில் உட்கார வைக்கின்றன. நாங்கள் போய்க் கேட்க முடியாத இடத்தில் நீங்கள் கேட்கலாம். ஆகையால் உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். சோதனையில் இருப்பதைச் சோதனை என்றே தலைப்பிலும் போடுங்கள். அங்குலத்தோடு அகலம், நீளம், விகிதம் மூன்றையும் சொல்லுங்கள். விலையைப் பேனாவோடு ரூபாயில் சொல்லுங்கள். பெரிய டேப்லெட் ஒன்று உண்மையிலேயே வந்து, உங்கள் கைக்கு முன்கூட்டியே கிடைத்தால், அதை எடுத்துக்கொண்டு ஒரு நாள் இங்கே வாருங்கள். ஸ்டுடியோ வெளிச்சத்தில் புரட்டிக் காட்டுவதற்குப் பதிலாக எங்கள் டேபிளில் வைத்துப் பார்க்கலாம். வெட்டிய முன்பாகத்தில் எல்லா சைஸும் எடுத்து வைக்கிறேன். அந்தத் தம்பியையும் உட்கார வைத்து வரையச் சொல்கிறேன், நீங்கள் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
திருப்பூர் பிரிண்டிங் யூனிட் ஒன்றில் படம் வரைகிறவன்